அங்கமுத்துவின் மூன்றாவது பைலட்

அங்கமுத்துவிடம் எதைக் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது அதன் எடையைத்தான். பேத்தி பிறந்த செய்தியை மருமகன் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னபோதும், "என்ன வெயிட்டு மாப்ள?" என்றுதான் கேட்டார். மூன்று கிலோ நூறு கிராம் என்று பதில் வந்தது. "நல்லது, நல்லது" என்று போனை வைத்துவிட்டார். பிறந்தது ஆணா பெண்ணா என்று அவர் மனைவி தனம்தான் திரும்ப அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

அவர் கிரேன் ஆபரேட்டர். ரெட்டிபாளையத்திலும் ஆலத்தியூரிலும் அவற்றைச் சுற்றியுள்ள சிமென்ட் ஆலைகளிலும் முப்பத்தோரு வருடமாக எதையாவது தூக்கி எங்கேயாவது வைத்துக்கொண்டிருப்பவர். அந்தத் தொழிலில் அவருக்கு மூன்று விதிகள் உண்டு. தூக்கும் முன் சுமையின் எடை தெரிய வேண்டும். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிய வேண்டும். சுமைக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது. மூன்றாவதை அவர் பேரம் பேசுவதில்லை. ஆலை முதலாளியே வந்து நின்றாலும் கொக்கி அந்தரத்தில் நிற்கும். அவர் நகர்ந்த பிறகுதான் இறங்கும். அவருடன் இருபத்திரண்டு வருடமாகக் கொடி காட்டும் கலாசி குழந்தைவேலுக்கு இடது காலில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் வேறொரு ஆபரேட்டர் ஓட்டிய கிரேனுக்குக் கீழே போனவை. "அண்ணன் மட்டும் அன்னிக்கு ஓட்டியிருந்தா நான் இன்னிக்கு செருப்பு மாத்தாம நடப்பேன்" என்று குழந்தைவேல் டீக்கடையில் காலைத் தூக்கிக் காட்டுவார். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் காட்டுவார்.

ஒவ்வொரு தூக்கலுக்கும் அங்கமுத்து ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுவார். சுமை. காற்று. கீழே ஆள். பார்த்தவர். கடைசி வரி, கூட நின்று வேலையைக் கண்ணால் கண்டவர் பெயருக்கானது. முப்பத்தோரு வருட நோட்டுகளிலும் அந்த வரியில் பெரும்பாலும் குழந்தைவேல் பெயர்தான் இருக்கும்.

அதில்தான் அவருக்கு ஒரு குறை. ஒருமுறை நாற்பத்திரண்டு டன் எடையுள்ள சூளைக் குழாயின் துண்டு ஒன்றைத் தூக்கி, நூறு அடி உயரத்தில், தலைமுடி அளவு பிசகாமல் உட்கார வைத்தார். இறக்கி முடித்துக் கீழே பார்த்தால் குழந்தைவேலைத் தவிர ஆலையில் ஒரு ஆள் இல்லை. அன்று கேன்டீனில் கோழிக்குழம்பு. "விழுந்திருந்தா மட்டும் ஊரே வந்து பார்த்திருக்கும்" என்று அதன் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். ஒழுங்காக நடந்த தூக்கலை ஒரு நாளாவது நாலு பேர் நின்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு அதைத் தனத்திடம் மட்டும் சொன்னார். தனம் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு மதியம், செல்போனில் எதையோ தேடப்போய், வயிறில்லாத ஒரு ஹெலிகாப்டரைக் கண்டார். முன்னால் ஒரு கண்ணாடி அறை. அதிலிருந்து பின்னால் வால் வரைக்கும் ஒரே உத்தரம். ஆள் உட்காரவோ சாமான் ஏற்றவோ நடுவில் எதுவும் இல்லை. கால்கள் மட்டும் தட்டான்பூச்சி போலத் தொங்கின. வயிறு இருக்க வேண்டிய இடத்தில் கொக்கி.

"தனம்! இங்க வா. இது ஹெலிகாப்டரே இல்ல, கிரேனு!"

தனம் எட்டிப் பார்த்தாள். "பாவம், சோறு போடாம வச்சிருக்கானுங்க போல" என்றாள்.

அதன் பெயரே ஸ்கைக்ரேன் என்று தெரிந்ததும் அங்கமுத்துவுக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த சில மாதங்களில் அவர் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம், புரிந்ததும் புரியாததுமாகச் சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவில் 1962இல் முதலில் பறந்தது. இரண்டு என்ஜின், ஆறு இறக்கை, ஒன்பது டன் தூக்கும். வியட்நாம் போரில், விழுந்து கிடந்த விமானங்களைக் கவ்வித் தூக்கி வந்தது. பட்டாளத்து வேலை முடிந்த பிறகு காட்டில் மரம் தூக்கியது. தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு, ஏரியில் குழாயை விட்டு ஒரு நிமிடத்துக்குள் பத்தாயிரம் லிட்டர் உறிஞ்சி, காட்டுத்தீயை அணைத்தது. கனடாவில் ஒரு பெரிய கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனாவைத் துண்டு துண்டாக ஏற்றி வைத்தது. கிரேன் வைத்து ஏற்றினால் ஆறு மாதம் ஆகியிருக்கும் என்றார்கள், இது ஒரு மாதத்துக்குள் முடித்துவிட்டது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கூரை உச்சியில் இருந்த வெண்கலச் சிலையை 1993இல் கழுவிச் சுத்தம் செய்ய இறக்கி, மறுபடி ஏற்றியதும் இதுதான். சிலையின் எடை ஏழு டன்னுக்குச் சற்றுக் குறைவு. அந்த எடையைக் கண்டுபிடிக்க மட்டும் அவருக்கு மூன்று நாள் ஆயிற்று.

டீக்கடையில் குழந்தைவேல் ஒத்துக்கொள்ளவில்லை. "ரஷ்யாக்காரன் ஹெலிகாப்டர் இருபது டன் தூக்குது அண்ணே. நம்ம பட்டாளத்துலயே இருந்துச்சு. காஷ்மீர் மலை மேல புல்டோசரையே கொண்டுபோய் வச்சுச்சாம். உன்னுது என்ன, எலும்பும் தோலுமா!"

"அது லாரி. உள்ள வச்சுக் கொண்டுபோவும். இது கிரேனு" என்றார் அங்கமுத்து. "அதுக்கும் மேல, இதுல மூணு பைலட்டு. ரெண்டு பேர் முன்னாடி பார்த்து உக்காருவாங்க. மூணாவது ஆளுக்குப் பின்பக்கம் பார்த்த சீட்டு. அவனுக்குத் தனியா ஸ்டீரிங்கே இருக்கு. அவன் வேலை சுமையைப் பார்க்குறது. சுமையைப் பார்க்குறதுக்குன்னே ஒரு ஆளை உக்கார வச்சிருக்கான் பாரு, அவன்தான் தொழில் தெரிஞ்சவன்."

குழந்தைவேல் தன் கணக்கில் இரண்டு டீ சொன்னார்.

பதினான்கில் ஒரு பங்கு அளவில் மாடல் செய்ய முடிவானது. இறக்கை வட்டம் ஐந்தேகால் அடி. மோட்டார், பேட்டரி, ரிமோட் எல்லாம் பெங்களூரிலிருந்து பார்சலில் வந்தன. உடம்பின் உத்தரத்தை மட்டும் பழைய டிவி ஆன்டெனாவின் அலுமினியக் குழாயில் அவரே அறுத்துச் சேர்த்தார். கண்ணாடி அறைக்குத் தண்ணீர் கேன். பறக்கப் பழக, மருமகனின் லேப்டாப்பில் ஏழு மாதம் பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டினார். ரிமோட்டில் பறக்க விடுகிறவர்களுக்குப் பெரிய தொல்லை, ஹெலிகாப்டரின் மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பும்போது இடம் வலமாகிவிடுவது. எல்லோரும் விழுவது அங்கேதான். அங்கமுத்து அதில் விழவில்லை. இருபத்திரண்டு வருடமாக எதிரே நின்று கை காட்டும் குழந்தைவேலைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அது பழகியிருந்தது. ஆனால் முருங்கை மரத்தில் இரண்டு முறை விழுந்தார். மரம் எந்தப் பக்கமும் திரும்பாமல் நின்ற இடத்திலேயேதான் நின்றது என்பதைத் தனம் எடுத்துச் சொன்னாள்.

முதல் முறையாகக் கொக்கியில் ஒரு தேங்காயைக் கட்டி வாசலில் தூக்கிய நாள், எதிர் மாடியில் தனம் மிளகாய் காயப்போட்டிருந்தாள். இறக்கைக் காற்று கீழே அடித்துச் சுவரில் மோதி மேலே ஏறியது. மிளகாயில் பாதி தெருவுக்கு வந்தது. வராத பாதியின் தூளும் விதையும் வந்தன. கால்மணி நேரம் தெருவே தும்மியது. அன்றைய நோட்டில் 'காற்று' என்ற வரியில், 'நாமே உண்டாக்குவதையும் சேர்க்க வேண்டும்' என்று எழுதினார். உண்மையான ஸ்கைக்ரேன் நீளக் கயிறு கட்டித் தூக்குவது ஏன் என்று அன்றுதான் விளங்கியது. அடுத்த நாளிலிருந்து இருபது அடிக் கயிறு.

மூன்றாவது பைலட்டாகத் தனம் சேர்ந்ததும் அந்த வாரம்தான். "எம் மொளகாயை நீங்க பாக்கல, நான் பாத்தேன். இனிமே நானே பாக்குறேன்" என்றாள். அங்கமுத்து அதற்குத்தான் காத்திருந்தார். கொக்கியைத் திறக்கும் சுவிட்சைத் தன் ரிமோட்டிலிருந்து பிரித்து, தனியாக ஒரு சின்ன ரிமோட்டில் வைத்து அவள் கையில் கொடுத்தார். அவர் ஹெலிகாப்டரைப் பார்க்க வேண்டும்; ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்க முடியாது. அவருக்கு முதுகைக் காட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனம் உட்காருவாள். சுமை எங்கே இறங்க வேண்டுமோ அந்த இடத்தைப் பார்ப்பாள். அவள் சொன்னால்தான் இறங்கும். அவள் விட்டால்தான் விழும்.

இப்படி இருக்கும்போதுதான் ஊர் செல்லியம்மன் கோயிலுக்கு ஆனி மாதத்தில் கும்பாபிஷேகம் வைத்தார்கள். விழாக் கமிட்டித் தலைவர் அறிவுச்செல்வன், அங்கமுத்துவை மாமா என்று கூப்பிடுகிறவர். நாடாளுமன்றச் சிலைக் கதையை டீக்கடையில் கேட்டவர்.

"கூரை உச்சிக்கே சிலையைத் தூக்கி வச்சுச்சுங்கிறீங்க. நம்ம கலசத்து மேல கொஞ்சம் பூ தூவாதா மாமா?"

அங்கமுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்றார். அறிவுச்செல்வன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பிளெக்ஸ் அடித்துவிட்டார். 'ஹெலிகாப்டர் மூலம் மலர்மாரி பொழியப்படும்' என்ற எழுத்துக்கு மேலே, எங்கிருந்தோ எடுத்த பெரிய பட்டாள ஹெலிகாப்டர் படம். அதன் கதவில் அறிவுச்செல்வன் கும்பிட்டபடி நின்றார். ரெட்டிபாளையம் வரை நான்கு பிளெக்ஸ்.

அங்கமுத்துவுக்கு ஒருபுறம் ஆசை. சுற்று வட்டாரமே வந்து நின்று அண்ணாந்து பார்க்கப் போகிறது. மறுபுறம் மூன்றாவது விதி.

"கீழ ஆள் நிக்கக் கூடாது மாப்ள."

"கும்பாபிஷேகத்துல கோயிலுக்குக் கீழ ஆள் நிக்காம? தீர்த்தத் துளி மேல விழாதான்னு ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி நிப்பாங்க மாமா. பூதானே, தலையில விழுந்தா புண்ணியம்."

"பூ விழுந்தா புண்ணியம். பூவோட சேர்ந்து ஆறு கிலோ ஹெலிகாப்டரும் விழுந்தா?"

அறிவுச்செல்வன் பிளெக்ஸை நினைத்துக்கொண்டார், முகம் சுண்டியது. அங்கமுத்துவும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பறக்கவிட்டால் விதி போகும். விடாவிட்டால், ஒரு தூக்கலை ஊர் பார்க்கும் ஒரே நாளும் போகும்.

மூன்றாம் நாள் காலை, தனம் வாசலில் புடவை உலர்த்தினாள். கிளிப் போடுவதற்குள் அது பறந்து கிழக்கே பக்கத்து வீட்டு மதிலில் போய்ப் படிந்தது. அங்கமுத்து அந்தப் புடவையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எடுத்துட்டு வாங்களேன், என்ன பராக்கு?" என்று தனம் கத்தினாள். அவர் புடவையை எடுக்கப் போகவில்லை. நோட்டை எடுக்கப் போனார்.

ஆனி மாதத்தில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று நிற்காது. கோயிலுக்கு மேற்கே சாமிக்கண்ணுவின் கொல்லை, பருத்தி எடுத்து முடித்து உழுது காலியாகக் கிடந்தது. கொல்லைக்கு மேலே அறுபது அடி உயரத்தில் ஹெலிகாப்டரை நிறுத்திப் பூவை விட்டால், கீழே மண் மட்டும்தான். பூவைக் காற்று கோயிலுக்குக் கொண்டுபோகும். ஐந்து நாள் அதே நேரத்தில் அங்கே போய், கைப்பிடி கைப்பிடியாக ரோஜா இதழ் விட்டு, விழுந்த இடத்தை அடி வைத்து அளந்தார். நூற்றைம்பது அடி. கோயிலுக்கும் அவ்வளவு தூரம்தான், கணக்கு சரியாக வந்தது.

கொல்லைக்காரர் சாமிக்கண்ணு கமிட்டியில் மூத்தவர். அவருக்கு வேறொரு கவலை. "கும்பாபிஷேகத்துல கருடன் வந்து வட்டம் போடணும்ப்பா. உன் மிஷின் போடுற சத்தத்துல அவர் வராம திரும்பிட்டாருன்னா ஊரு என்னா ஆவுறது?"

"கருடன் வந்தா நான் ஒதுங்கிக்கிறேன் மாமா. ஆகாசத்துல அவருக்குத்தான் முதல் வழி."

"எழுதித் தருவியா?"

எழுதிக் கொடுத்தார். சாமிக்கண்ணு அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் கொல்லை கிடைத்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியாயிற்று. அங்கே, எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டார்களாம்.

விழா நாளில் முகூர்த்தம் ஒன்பதேகாலுக்கு மேல். அங்கமுத்து ஏழு மணிக்கே கொல்லையில் சுண்ணாம்புப் பொடியால் எண்பது அடி அகலத்துக்கு வட்டம் போட்டுவிட்டார். குழந்தைவேல் சிவப்புக் கொடியும் விசிலுமாக வட்டத்தின் ஓரத்தில் நின்றார். பூக்காரி பஞ்சவர்ணம் இதழ் உதிர்த்த கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். பேசியபடி ஒரு கிலோ நானூறு கிராம். அங்கமுத்து கூடையைத் தராசில் வைத்தார். இரண்டு கிலோ நூறு.

"என்ன பஞ்சவர்ணம் இது?"

"என்ன இது? பூ."

"எழுநூறு கிராம் அதிகமா இருக்கு."

"தண்ணி தெளிச்சிருக்கேன். தெளிக்காம குடுத்தா அது பூவாய்யா? சருகு. இருவத்தஞ்சு வருசமா இந்தக் கோயிலுக்குப் பூ குடுக்குறேன், வாடுன பூ குடுத்தான்னு ஒரு பேச்சு வந்திருக்கா?"

அங்கமுத்து கையை விட்டுக் கிளறிப் பார்த்தார். இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இட்லி மாவு போலக் கட்டியாக வந்தன. இதை விட்டால் காற்றில் பறக்காது. கொல்லையில் தொப்பென்று விழும். மணி எட்டே முக்கால்.

"பறக்காது. ஈரம் போவணும்."

"சாமிக்குப் போற பூவை வாட வைக்கச் சொல்றியா? நான் மாட்டேன்" என்று பஞ்சவர்ணம் இடுப்பில் கைவைத்தாள்.

தனம் எழுந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். பந்தலில் முக்கியப் பிரமுகர்களின் நாற்காலிகளுக்கு முன்னால் ஆளுயர மின்விசிறி ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் அறிவுச்செல்வன் நின்று யாருக்கோ வணக்கம் போட்டுக்கொண்டிருந்தார். தனம் விசிறியை அப்படியே திருப்பினாள். பிளாஸ்டிக் பாயை விரித்து, பூவைக் கொட்டிப் பரப்பினாள்.

"அத்தை! எம்.எல்.ஏ. வர்ற நேரம்..."

"வரட்டும். பூவோட உக்காரட்டும். வாசமா இருக்கும்."

பத்து நிமிடத்தில் பிரமுகர்கள் வேர்த்துக் கொட்ட, பூ காய்ந்தது. பஞ்சவர்ணம் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இதழை ஒழுங்காகப் பரப்பத் தெரியாமல் தனம் தடுமாறுவதைப் பார்க்கச் சகியாமல், கடைசியில் தானே உட்கார்ந்து, "இப்பிடி மெல்லிசா பரத்தணும்டி, புழுங்கல் அரிசி மாதிரியா கொட்டுவே?" என்று கற்றுக்கொடுத்தாள். தராசு ஒரு கிலோ நானூற்று இருபது காட்டியது. இருபது கிராமை அங்கமுத்து எடுத்துத் தனத்தின் முந்தானையில் போட்டார். பூவெல்லாம் கொசுவலைப் பைக்குள் போயிற்று.

ஒன்பது இருபதுக்கு அது ஏறியது. ஆறு இறக்கையும் விர்ரென்று சுழல, எலும்பும் தோலுமான அந்தத் தட்டான்பூச்சி உழவுமண்ணிலிருந்து எழுந்தது; இருபது அடிக் கயிறு நிமிர்ந்தது; கயிற்றின் முனையில் பூப்பை, ஆடாமல், சுழலாமல் மேலே போயிற்று. அறுபது அடியில் நின்றது. மேல்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, ஆணி அடித்தாற்போல் நின்றது. கோயிலைச் சுற்றி நின்ற ஊரும் வெளியூரும் மேற்கே திரும்பின. "டேய், அந்தா பாருடா!" என்று ஒரு குரல். "இம்மாம் சின்னதா?" என்று இன்னொன்று. அங்கமுத்துவின் காதில் இரண்டும் விழுந்தன. விரல்கள் ரிமோட்டின் குச்சியில் இருந்தன. கண் மேலே.

முதுகுக்குப் பின்னால் தனம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அய்யரு ஏறிட்டாரு. கொடத்தைத் தூக்கிட்டாரு. இருங்க... இருங்க..."

"கீழ ஆளு?"

"இல்ல. குழந்தைவேலு அண்ணன் ஒருத்தனை வெரட்டுறாரு. போயிட்டான். ஆளில்ல."

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. மேளத்தையும் அதிர்வேட்டையும் மீறி, ஆயிரம் தொண்டையிலிருந்து ஒரே நேரத்தில் வந்த சத்தம்.

"என்னா தனம்?"

"கருடன்! வந்துட்டாருங்க! கோபுரத்துக்கு நேரு மேல!"

"நான் ஒதுங்கணுமா?"

"வேணாம், அவரு கெழக்கால இருக்காரு. அப்பிடியே நில்லுங்க. அய்யரு ஊத்திட்டாரு... விடுறேன்!"

கொக்கியில் எடை போனதை விரல்களில் உணர்ந்தார். ஹெலிகாப்டர் ஒரு சாண் எகிறியது, பிடித்து நிறுத்தினார். பை கீழே திறந்து தொங்கியது. அவ்வளவுதான் அவர் கண்டது. பூ போன திசையில் திரும்ப முடியாது.

"சொல்லு தனம்."

"வருதுங்க... மேகம் மாதிரி வருது. பந்தலைத் தாண்டிருச்சு. கலசத்து மேல... ஐயோ, எல்லாத்து தலையிலயும்! சாமிக்கண்ணு மாமா வாயில ஒண்ணு போயிருச்சு. பஞ்சவர்ணம் அழுவுது. பிரமுகருங்க வேர்வையில எல்லாம் ஒட்டிக்கிச்சு."

"ஆளுங்க மேல பாக்குறாங்களா?"

தனம் கழுத்தைத் திருப்பி அவர் முதுகைப் பார்த்தாள்.

"பாக்குறாங்க" என்றாள். "கருடனை."

ஆயிரம் தலைகளும் கிழக்கே, கோபுர உச்சிக்கு மேல் வட்டமிட்ட அந்த ஒற்றைப் பறவையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. பூ எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தைவேல்கூடக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மேற்குக்கு முதுகைக் காட்டி, கருடனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அங்கமுத்து ஹெலிகாப்டரை வட்டத்தின் நடுவில், சுண்ணாம்புப் புள்ளியின் மேல் இறக்கினார். இறக்கைகள் நின்றன. தனம் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் அறிவுச்செல்வன் தலையில் இதழ்களோடு ஓடிவந்தார். "பிரமாதம் மாமா! கருடன் வந்தாரு, பாத்தீங்களா? அம்மன் அருளால பூவும் தானா கொட்டுச்சு!" என்றவர், உழவுமண்ணில் நின்ற ஹெலிகாப்டரைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆமால்ல... பூவை எப்போ மாமா விட்டீங்க?"

"இப்பதான் மாப்ள" என்றார் அங்கமுத்து. முகத்தில் சிரிப்பா ஏமாற்றமா என்று தெரியாத ஒன்று இருந்தது. "அன்னிக்கு கோழிக்குழம்பு. இன்னிக்கு கருடன்."

அறிவுச்செல்வனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தனத்துக்கு விளங்கி, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். அதைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் நோட்டை எடுத்தார். சுமை: ஒரு கிலோ நானூறு. காற்று: மேற்கு. கீழே ஆள்: இல்லை. பார்த்தவர் என்ற வரிக்கு வந்தார். ஏறியதை ஊர் பார்த்தது, பூ விட்டதை ஒருவரும் பார்க்கவில்லை. 'இல்லை' என்று எழுதினார். எதையும் உள்ளபடிதான் எழுதுவார்.

தனம் நோட்டைப் பிடுங்கினாள். "சுமையைப் பாக்குறதுதானே மூணாவது பைலட்டு வேல?"

"ஆமா."

"சுமை போய்ச் சேர்ந்த வரைக்கும் நாந்தானே பாத்தேன்?"

அவர் பதில் சொல்வதற்குள், 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, அழுத்தமாக 'தனம்' என்று எழுதினாள். முந்தானையில் முடிந்திருந்த இருபது கிராமை அவிழ்த்து, அவர் தலையில் கொட்டினாள்.